திருத்தம்மாவின் பானை

"ஒன்றரைக் கிலோதாங்க. உங்க தோள்ல தொங்குற பை அதைவிடக் கனம்" என்று சொல்லிக்கொண்டே திருத்தம்மா முக்காலியிலிருந்து எழுந்திருப்பார். அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். மண்டபத்தின் மறுகோடியில் யாரோ ஒருவர், "இந்த வாளைத் தூக்கவே நாலு ஆள் வேணுமாம்" என்று மனைவியிடம் அளந்துகொண்டிருப்பார். அது இவர் காதில் விழுந்துவிடும். அவ்வளவுதான், அந்தக் குடும்பத்தின் அன்றைய உல்லாசம் முடிந்தது.

அருங்காட்சியகத்தில் ஆயுத மண்டபத்துக்கு அவர் காவலாளி. வயது ஐம்பத்து மூன்று. நீலச் சீருடைச் சேலை, கழுத்தில் விசில், இடுப்பில் சாவிக்கொத்து. கண்ணாடிப் பெட்டிகளில் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், சம்பளம் வந்துவிடும். ஆனால் பதினாறு வருட மதிய இடைவேளைகளில் மாடி நூலகத்தின் சரித்திரப் புத்தகங்களை எல்லாம் படித்துத் தீர்த்துவிட்டார். படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. கூட வேலை செய்பவர்கள் 'திருத்தம்மா' என்று பெயர் வைத்தார்கள். அதையும் திருத்தினார். "திருத்தமும் அம்மாவும் சேர்ந்தா திருத்தமம்மான்னுதான்யா வரும்!"

வீட்டிலும் இதே கதைதான். நாத்தனார் வீட்டு விருந்தில் ஒரு பெரியவர், "கெட்டுப்போன கறியோட வாடை தெரியக் கூடாதுன்னுதான் அந்தக் காலத்துல மசாலா போட்டாங்க" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த இவர் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"மசாலா வாங்க வசதி இருக்கிறவன் கெட்ட கறிய ஏன் திங்கிறான்?"

"அண்ணி, அவரு என் மாமனார்" என்று நாத்தனார் காதைக் கடித்தார்.

"யாரா இருந்தா என்ன? கறி கறிதானே?"

அடுத்த விருந்துக்கு அழைப்பு, தையல்காரரான அவருடைய கணவருக்கு மட்டும் வந்தது.

வம்பு ஏழாம் எண் பெட்டியில் இருந்தது. முழ நீள இரும்புத் தண்டு. அது இரண்டாகப் பிரிந்து நுனிக்கு ஒரு கொக்கி. பிடியில் ஒரு வளையம். 'தளபதியின் மண்டையுடைப்பான்' என்று பலகை சொன்னது. பாதிக் கூட்டம் அதைப் பார்க்கத்தான் வந்தது. எழுதி வைத்தவர் காப்பாட்சியர். அதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டவர். ஒருநாள் தூசி தட்டப் பெட்டியைத் திறந்தபோது, கொக்கிகளின் உள்பக்கம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருப்பது திருத்தம்மாவின் கண்ணில் பட்டது. நேராகக் காப்பாட்சியர் அறைக்குப் போனார்.

"ஐயா, அது ஆயுதமே இல்ல. அடுப்புலேருந்து சுடுபானைய இறக்குற சாமான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சண்டைக்குப் போறவன் ஆணியில மாட்ட வளையம் வைப்பானா? மண்டைய உடைச்சிருந்தா வெளிப்பக்கம்ல தேஞ்சிருக்கணும்?"

காப்பாட்சியரின் முகம் சுண்டிவிட்டது. "இன்னொரு தடவை இந்தப் பேச்சை எடுத்தீங்கன்னா உங்க வேலை உங்களுக்கு இருக்காது" என்றார்.

ஒன்பது நாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சோறு இறங்கவில்லை என்று கணவர் சொன்னார். பத்தாம் நாள் மூன்று நிபுணர்கள் ஆய்வுக்கு வந்து, ஏழாம் பெட்டி முன்னால் நின்று "அடேயப்பா!" என்றார்கள். திருத்தம்மா முக்காலிக்கு அடியிலிருந்து ஒரு சாக்குப்பையை இழுத்தார். உள்ளே அவர் வீட்டு வெண்கலப் பானை, இரண்டு காது வைத்தது. ஓடிப்போய்க் குழாயில் அதை நிரப்பிக்கொண்டு வந்து அவர்கள் காலடியில் வைத்தார்.

"ஒரே ஒரு தடவை மாட்டிப் பாருங்க. சேரலைன்னா நானே வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

மூவரில் மூத்த அம்மையார் கையுறை மாட்டிக்கொண்டு கருவியை எடுத்தார். பானையின் இரண்டு காதிலும் கொக்கிகள் சொல்லி வைத்தாற்போல் உட்கார்ந்தன. தூக்கினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அந்த அம்மையாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பானையோடு மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். காப்பாட்சியர் திருத்தம்மாவின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

'சமையல் கருவி' என்று அறிக்கை வந்தது. கூடவே, ஆய்வுக்குப் பயன்பட்ட பொருள் என்ற வகையில் பானையும் பதிவேட்டில் ஏறிவிட்டது. பதிவேட்டில் ஏறிய எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. "மூன்று வருடங்களுக்கு முன் சந்தையில் நான் வாங்கியது" என்று திருத்தம்மா எழுதிக் கொடுத்தார். "பானை பழம்பொருள் அல்ல என்பதற்கு நிபுணர் சான்று இணைக்கவும்" என்று பதில் வந்தது. பானைக்கு அடியில் கம்பெனி முத்திரை இருந்தது. ஆனால் பானையை ஏழாம் பெட்டிக்குள் பீடத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள். மேலே புதுப் பலகை: 'தளபதியின் சமையலறை'. கூட்டம் முன்னைவிட இரண்டு மடங்கு.

"பானை பொய்னு நீங்க வெளியில சொல்லுங்க, நான் தடுக்கலை" என்றார் காப்பாட்சியர், சிரிக்காமல். "ஆனா பானை பொய்னா அந்த ஆய்வும் பொய். மறுபடியும் மண்டையுடைப்பான்தான். பாத்துக்கங்க."

போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, ஏழாம் பெட்டி முன்னால் சீட்டு வாங்கி வந்த கூட்டத்தில் அவருடைய கணவரும் நின்றுகொண்டிருந்தார். "வீட்டுல இப்ப சின்னப் பாத்திரம்தாங்க. ரெண்டு தடவை உலை வைக்க வேண்டியிருக்கு. அதான், சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் என்னிடம், தணிந்த குரலில்.

பக்கத்தில் ஒரு மனிதர் தன் குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "அந்த நசுங்கலைப் பாத்தீங்களா? பீரங்கிக் குண்டு பட்டது. நானூறு வருஷம், பானை அசையலையே!"

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். போன வருடம் மாடிப்படியில் பானையைக் கைநழுவ விட்டவர் அவர்தான்.

திருத்தம்மா எழுந்துவிட்டார். வாயும் திறந்துவிட்டது. கொக்கியைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து வந்து, அந்த நசுங்கல் மறைகிற இடமாகப் பார்த்து, கண்ணாடியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். அந்தக் குடும்பம் அடுத்த மண்டபத்துக்குப் போகும்வரை கையை எடுக்கவே இல்லை.