அறுபத்திரண்டு கரையேறவில்லை

குளிக்கப் போகிற இடத்தில் முதலில் குளித்துவிட்டு வா என்று சொல்லும் ஊர் இது. பெங்களூர் வந்து எட்டு வருடம் ஆகிறது, இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்கு இன்னும் சிரிப்பு நிற்கவில்லை. நீச்சல் குளத்து வாசலில் ஷவர் இருக்கும். அதன் கீழே நின்று உடம்பை அலம்பி, முடியை ரப்பர் தொப்பிக்குள் திணித்து, அப்புறம்தான் தண்ணீரில் இறங்கலாம். தலையிலோ உடம்பிலோ எண்ணெய் இருக்கக் கூடாது என்று கன்னடத்தில் ஒரு பலகை, ஆங்கிலத்தில் ஒரு பலகை. எங்கள் குடியாத்தத்தில் நேர் எதிர். எண்ணெய் வைக்காமல் தண்ணீரில் இறங்கினால் தெருவுக்கே கேட்கிற மாதிரி அம்மா கத்துவாள். "வெறுந்தலையில தண்ணி பட்டா சூடு ஏறிக்கும்டி, எத்தினி வாட்டி சொல்றது?" இந்தப் பாழாய்ப்போன எண்ணெய்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை ஏரியில் மூழ்கிப்போனவளாக ஆக்கியது.

என் உடம்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கற்பனை செய்து சிரமப்பட வேண்டாம். பெரிய உடம்பு. சின்ன வயதிலிருந்தே பெரிய உடம்பு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பு வந்தால் எல்லாரும் ஓடுவார்கள், என்னை மட்டும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து செருப்புகளுக்குக் காவல் போடுவார்கள். ஐந்து வருடம் காவல் காத்தேன். நாற்பது வயதில், எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில், டிரையத்லான் என்று ஒரு போட்டிக்கு ஆள் சேர்த்தார்கள். ஏரியில் நீந்தி, ஈரத்தோடு சைக்கிள் ஏறி, இறங்கியதும் ஓட வேண்டும். நான் சும்மா எட்டிப் பார்த்தேன். பக்கத்து டீம் பையன் மிகவும் மரியாதையாகச் சொன்னான்: "மேடம், நீங்க வாலன்டியரா வாங்களேன். உட்கார்ந்துகிட்டே தண்ணி பாட்டில் கொடுக்கலாம்." எனக்கு வேப்பமரத்தடி ஞாபகம் வந்து பற்றிக்கொண்டு வந்தது. அந்த இடத்திலேயே பெயர் கொடுத்தேன். வீம்புதான், வேறென்ன.

அதற்குப் பிறகு பத்து மாதம். சந்தாபுராவில் வீட்டுக்குப் பக்கத்திலேயே நீச்சல் கற்றுக்கொண்டேன். ஆனேக்கல் ரோட்டில் நான் சைக்கிள் மிதிக்க, என் வீட்டுக்காரர் சேகர் பின்னால் ஸ்கூட்டரில் தண்ணீர் கேனோடு வருவார். "ஏன்டி இந்த வயசுல நமக்கு இதெல்லாம்?" என்று ஒவ்வொரு சிக்னலிலும் கேட்பார், ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. ஊரில் என்றால் "என்னாடி இப்படி ஊதிட்ட?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, தட்டில் இன்னொரு தோசை வைப்பார்கள். இங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கடந்து ஓடுகிறவர்கள் கட்டைவிரலை உயர்த்தி "சூப்பர் ஆண்ட்டி" என்பார்கள். அவர்கள் வயதும் என் வயதும் ஒன்றாகவே இருக்கும். எது அதிகம் வலிக்கிறது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெரிய உடம்புக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு வேதனை உண்டு, தொடை உரசல். ஈரத்துணியோடு சைக்கிள் மிதித்தால் தோல் உரிந்துவிடும். அதற்குக் கடையில் களிம்பு விற்கிறார்கள். எனக்கோ அம்மா கொடுத்தனுப்பும் செக்குத் தேங்காயெண்ணெய் இருக்கிறது. குளத்தில்தானே எண்ணெய் கூடாது, இது ஏரியாயிற்றே என்று போட்டியன்று காலையில் தொடை, அக்குள், கை, கால், தலை எல்லா இடத்திலும் தாராளமாகத் தேய்த்துக்கொண்டேன். ஏரிக்கரையில் புஜத்தில் எண் எழுதிய பெண்ணின் பேனா வழுக்கியது. "ஏன் மேடம், ஆயிலா?" என்றாள். இரண்டு முறை அழுத்தி எழுதினாள். அறுபத்திரண்டு. அதே எண் போட்ட மஞ்சள் தொப்பியையும் கொடுத்தாள். சின்னப் போட்டி, நேரம் குறிக்கக் காலில் கட்டும் கருவி எல்லாம் கிடையாது. கையில் இருக்கிற எண்ணைப் பார்த்துத்தான் கரையில் குறித்துக்கொள்வார்கள். சைக்கிள் கேட்டில் ஒருவர் சிவப்புக் கொடியோடு நின்றார். அவர் கொடியை இறக்குவதற்குள் சைக்கிளோடு வெளியே போய்விட வேண்டும், இல்லாவிட்டால் போட்டி முடிந்தது.

தண்ணீரில் இறங்கியதும் எனக்கு மூச்சே வரவில்லை. குளத்தில் தரை தெரியும், இங்கே என் கையே தெரியவில்லை. பெண்களை முதலில் விட்டார்கள். மெதுவாகப் போன என்னைப் பின்னால் வந்த ஆண்கள் கூட்டம் பிடித்துவிட்டது. யாரோ ஒருவனின் கை என் தலையில் விழுந்தது. எண்ணெய்த் தலையில் தொப்பி நிற்குமா? நழுவிப் போய்விட்டது. தேட நேரமில்லை. கரை, கரை என்று அதை மட்டும் பார்த்துக்கொண்டு நீந்தினேன். அந்த ஆண்களோடு ஒருத்தியாகச் சேற்றில் கால் ஊன்றி எழுந்தபோது அழுகை வந்தது. எண் குறிக்கிற இளைஞன் என் கையைப் பார்த்தான். எண் அழிந்துபோய், கை வெறுமையாக எண்ணெயில் பளபளத்தது. தலையில் தொப்பியும் இல்லை. மீட்புப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டவள் என்று நினைத்திருப்பான். "ஆண்ட்டி, ஆ கடே ஹோகி கூத்கொள்ளி" என்று, பாதியில் விட்டவர்கள் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த கூடாரத்தைக் காட்டினான். அந்தப் பக்கம் போய் உட்காருங்கள் என்கிறான்! அவனிடம் பேசக்கூட நிற்காமல் சைக்கிள் நிறுத்தம் பக்கம் ஓடினேன்.

ஷூவுக்குள் கால் நுழையவில்லை. கொடிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஏரிப் பக்கம் விசில் கேட்டது. ஒன்றல்ல, நான்கைந்து விசில். மைக்கில் கன்னடம் வந்தது. மஞ்சள் தொப்பி ஒன்று மிதக்கிறதாம், ஆள் இல்லையாம். அறுபத்திரண்டாம் எண் கரைக்கு வரவில்லையாம். எனக்குப் புரிந்துவிட்டது. சைக்கிள் கையில் இருந்தது, கேட் எட்டும் தூரத்தில் இருந்தது, கொடி இன்னும் மேலேதான் இருந்தது. ஒரு கணம், பொய் சொல்ல மாட்டேன், கேட்டைத்தான் பார்த்தேன். வெளியே போய் யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு கணக்குப் போட்டது. அப்போது "கலா! ஏய் கலா!" என்று சேகரின் குரல் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வெறுங்காலோடு, சதையெல்லாம் குலுங்கக் குலுங்க ஓடினேன். யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை. பார்க்கவும் ஆளில்லை, அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீச்சல் தெரியாத சேகர் பேன்ட் சட்டையோடு மார்பளவு ஆழத்தில் நின்றார். இரண்டு பேர் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். "நான் இங்க இருக்கேங்க!" என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை. "நான்தான் அறுபத்திரண்டு! நானு பந்தே, வந்துட்டேன்!" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினேன். கடைகண்ணியில், பஸ்ஸில், கோயிலில் எல்லார் கண்ணிலும் உறுத்துகிற உடம்பு இது. அன்றைக்குக் கரையேறி நடந்தபோது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அந்தச் சத்தத்தில் திரும்பிக் கரைக்கு வந்த சேகர் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, அடித்தார். முதுகில் ஒரு அறை, பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "போனு போச்சுடி" என்று பையில் நனைந்த போனுக்கும் சேர்த்து அழுதார். எண் எழுதிய பெண் துண்டால் என் கையைத் தோல் சிவக்கத் துடைத்து, மறுபடியும் பெரிதாக எழுதினாள். கொடி இறங்கியிருந்தது. பொறுப்பாளர், நரைத்த மனிதர், என் மஞ்சள் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். "போங்கம்மா, முடிச்சுட்டு வாங்க. ஆனா ரிசல்ட்ல உங்க பேர் வராது" என்று உடைந்த தமிழில் சொன்னார். போனேன். சைக்கிளும் மிதித்தேன், ஓட்டமும் ஓடினேன், பாதிக்கு மேல் நடந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஈரப் பேன்ட்டோடு சேகர் மட்டும் முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

அன்று மாலையே ஊருக்குப் போக வேண்டியிருந்தது. எல்லையில் இருக்கும் அத்திபெலே வரை பஸ் கண்டக்டரிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்த சேகர், ஓசூரில் டீக்கடைக்காரரிடம் என்னைக் காட்டி "இவங்க ஏரில விழுந்து எழுந்து வந்திருக்காங்க" என்று தமிழில் பீற்றிக்கொண்டார். அம்மாவுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவள் என் கையைப் பார்த்தாள். "என்னாடி இது, ஆஸ்பத்திரில போட்ட மாதிரி? அசிங்கமா இருக்குது" என்று எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். எண்ணெய் பட்டதும் இரண்டு கரைந்து போய்விட்டது. ஆறுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

"விடும்மா, அது இருக்கட்டும்."

"என்னாத்துக்கு?"

"அத வச்சிதாம்மா அங்க என்னத் தேடினாங்க."

அம்மாவின் விரல் அப்படியே நின்றது. ஒரு எண் அழிந்து ஒரு எண் மிச்சமிருந்த என் கை அவள் மடியில் கிடந்தது. நான் அதை இழுத்துக்கொள்ளவும் இல்லை, நீட்டவும் இல்லை.