அடுக்களை பார்த்த கம்பெனி

கேட்டியாட்டி, அந்த மானேஜர் முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது. நாகர்கோயில்ல ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. பேத்தி பள்ளிக்கூடத்துல டீச்சரு. அவளுக்கு இன்டர்வியூன்னு துணைக்கு நானும் போனேன். ஆளு பவுடர் பூசி, புதுமாப்பிள்ளை கணக்கா இருக்கான். வாய்க்கு வாய் "நாம எல்லாம் ஒரே குடும்பம் பாட்டி"ங்கான். சொல்லும்போதெல்லாம் கழுத்துல கிடக்க கம்பெனி அட்டையைத் தடவுதான். "பள்ளிக்கூட வேலைய இன்னைக்கே விட்டுட்டு நாளைக்கே வந்து சேரணும்"னான். அவளும் தலையாட்டுதா.

மாப்பிள்ளை வீடு பாக்கப் போனா அடுக்களையை எட்டிப் பாக்காம வருவோமா நாம? கக்கூஸுக்குப் போறேன்னு உள்ள போனேன். அம்புட்டுப் பெரிய ஹாலு, கம்ப்யூட்டரு மேல ஒரே தூசி. நாற்காலியெல்லாம் கவுத்து அடுக்கியிருக்கு. ஒத்த ஆளு இல்ல.

திரும்பி வந்து, "குடும்பத்துல மத்தவங்க எங்க மக்கா?"ன்னு கேட்டேன். தடவுன கை அப்படியே நின்னுட்டு. பேத்தி கையைப் பிடிச்சுக்கிட்டு வெளிய இறங்குனேன். அவன் பின்னாலயே வந்து என் காதுல, "எனக்கும் எங்கயாவது வேலை இருந்தா சொல்லுங்க பாட்டி"ங்கான்.

மூடப்போற கம்பெனிய விட்டுத் தான் ஓடுகதுக்கு முன்ன என் பேத்திய உள்ள தள்ளப் பாத்திருக்கான். பொறவு எங்கிட்டயே ஏன் வேலை கேட்டான்னுதான் இன்னும் விளங்கல. இரு ட்டி, பூனை மீன்சட்டிய உருட்டுது, விரட்டிட்டு வாரேன்.