நெருஞ்சி தடுத்த நொதி

பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் பேராசிரியர் கொளஞ்சியப்பன். அவர் உறுதியாக அறிந்தது ஒன்றே: நெருஞ்சிக் கஷாயம் சிறுநீரைப் பெருக்கும். அது ஏன் என்று கண்டறியும் சிறு வேலையை ஆய்வு மாணவி பானுப்ரியாவிடம் விட்டிருந்தார். அவள் விக்கிரமங்கலத்து விவசாயி மகள்.

சிறுநீரகச் செல்லின் சவ்வில் ஒரு நொதி பதிந்திருக்கிறது. சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அது முடங்கினால் உப்போடு நீரும் சிறுநீரில் போய்விடும். கஷாயம் அதைத் தடுப்பதாக நிறுவினால் பானுப்ரியாவுக்கு முனைவர் பட்டம், பேராசிரியருக்குப் பொன்னாடை. கறிக்கடையில் ஆட்டுச் சிறுநீரகம் வாங்கி, பனிக்கட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவது அவள் பங்கு. கஷாயம் மட்டும் அரியலூரில் பேராசிரியர் வீட்டு அடுப்பில்தான் காயும். ஆய்வகத்தில் காய்ச்சினால் குணம் போய்விடுமாம். ஆதாரம் கேட்கும் வழக்கம் அத்துறையில் இல்லை.

கஷாயம் ஊற்றிய குழாய்களில் நொதி முடங்கியது. காய்ச்சி வடித்த வாலைநீர் ஊற்றிய ஒப்பீட்டுக் குழாய்களில் ஊக்கமாக இயங்கியது. பேராசிரியர் பொன்னாடைகள் பெறத் தொடங்கினார்.

ஆய்வேடு எழுதுமுன் பானுப்ரியாவுக்கு ஓர் ஐயம். பேராசிரியர் வீட்டுத் தண்ணீரை நெருஞ்சி போடாமல் சுண்டக் காய்ச்சி ஊற்றினாள். நொதி அப்படியே முடங்கியது. வாலைநீரில் காய்ச்சிய நெருஞ்சியோ அதை அசைக்கவே இல்லை. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் ஊறிய நீரின் கால்சியம் அந்த நொதிக்கு ஆகாது.

அளவீடுகளின் வரைபடத்தோடு அவர் வீட்டுக்கே போனாள்.

"சார், நெருஞ்சி ஒண்ணும் பண்ணலீங்க. உங்க வூட்டு போர் தண்ணிதான் பண்ணுது."

"அதத்தானம்மா நாங்க வருஷக்கணக்கா குடிக்கிறோம்? எங்களுக்கு என்ன ஆயிடுச்சு?"

"நீங்க குடிக்கிறது கேன் தண்ணி," என்றார் உள்ளிருந்து அவர் மனைவி சிந்தாமணி. "போர் தண்ணில பருப்பே வேகாது. நெருஞ்சிய வேகவைக்கக் கேன் தண்ணியையா ஊத்துவாங்க?"

பேராசிரியர் வரைபடத்தைக் கவிழ்த்து வைத்தார். "இத ஆய்வேட்டுல சேக்காத."

"சேத்துத்தான் ஆவணும் சார்."

"அப்ப என் கையெழுத்து கெடையாது. நாலு வருஷம் போயிடும், யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன். போயிட்டு வரேங்க."

பானுப்ரியா இப்போது திருச்சியில், வேறொரு வழிகாட்டியிடம், முதலாண்டு ஆய்வு மாணவி. பழைய அளவீடுகள் தமிழழகன் என்ற அடுத்த மாணவனின் ஆய்வேட்டில் செம்மையாக அச்சேறிவிட்டன. வாய்மொழித் தேர்வில் தண்ணீர் பற்றி எவரேனும் கேட்டால், அது தன் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது என்று பணிவுடன் சொல்ல அவனுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கிறது.