சுக்குக் காப்பி குடிக்காதவர்கள்

போன மாதம் ஒரு மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே சுக்கு இடிக்கிற வாசனை. எதிர்த்த நர்சிங் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் மூலை மேஜையில் ஒரு கட்டுக் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு ரோஸ் மில்க் உறிஞ்சுகிறார்கள்.

"நீ பச்சைப் பேனால டிக் போடுடி. எல்லாம் ஒரே மாதிரி இருந்தா மேம் கத்தும்."

"இந்தம்மாவுக்குத் தலைவலி போயிருச்சா?"

"போயிருச்சுன்னு போடு. போகலைன்னா ஏன்னு வேற எழுதணும்."

எட்டிப் பார்த்தேன். தலைவலிக்குச் சுக்குக் காப்பி கேட்குமா என்று ஆராய்ச்சியாம். என் கடையில் உட்கார்ந்து, என் காப்பியைப் பற்றி, ஒரு வாய் குடிக்காமல், யாருக்கும் கொடுக்காமல்!

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். உசிலம்பட்டிப் பக்கத்துக் காட்டு வேலையை விட்டு, ஒரு பாய்லரோடு பசுமலைக்கு வந்தவன். இன்றைக்கு கே.கே. நகரில் மாடி வீடு. எல்லாம் இந்தச் சுக்கு போட்டதுதான். கடை போட்ட புதிதிலேயே பலகை எழுதி மாட்டியிருந்தேன்: 'தலைவலிக்குக் கைகண்ட மருந்து'. எழுதியவனுக்குக் கூலியே காப்பிதான். அவனுக்கும் தலைவலி, பாவம்.

அந்தப் பலகைக்குத்தான், பல வருஷத்துக்கு முன்னால், எதிர்த்த கல்லூரியிலிருந்து ஞானம் டீச்சர் வந்து சேர்ந்தது. ஆராய்ச்சிப் பாடம் நடத்துகிற அம்மா. ஒல்லி உடம்பு, டெட்டால் வாசனை. வகுப்பில் சொன்னது பிள்ளைகளுக்கு ஏறவில்லை என்று என் கடைக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"இந்தப் பலகை சொல்றது நெசமா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"அண்ணனே எழுதிப் போட்டிருக்காருல்ல டீச்சர்!" என்றது ஒன்று.

"ஊரே சொல்லுது டீச்சர்," என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்தி.

"குடிச்சவங்க சொல்றாங்க அண்ணே. குடிக்காதவங்களுக்கு எப்பச் சரியாச்சு?"

"குடிக்காதவனப் பத்தி எனக்கு என்ன கவலை?"

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பாய்லரே அதிர்ந்தது. எனக்கு ரோஷம். செலவு என்னுது, சோதித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். விடுதியில் தலைவலி வந்த பிள்ளைக்குச் சீட்டு எடுப்பார்கள். பாதிப் பேருக்குச் சுக்குக் காப்பி, பாதிப் பேருக்குச் சூடான கருப்பட்டித் தண்ணீர். அரை மணி கழித்து வலி எப்படி என்று கேட்கப் போகிறவளுக்கு யார் எதைக் குடித்தார்கள் என்று தெரியாது. இப்படியே மாசக்கணக்கில். தெற்கு வாசல் வரை ஜம்பமாகப் பேசித் திரிந்தேன், நம்ம காப்பியைக் காலேஜே படிக்குது என்று.

முடிவைச் சொல்ல ஒருத்திக்கும் தைரியமில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை பேச்சியைத் தள்ளிவிட்டார்கள்.

"மாமா, கோவிச்சுக்கிடாதீக. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. கருப்பட்டித் தண்ணி குடிச்சவளுக்கும் அம்புட்டுத்தான் கேட்டிருக்கு."

"மாத்தி எழுத வேண்டியதுதானே? ஊர்க்காரன்தானே நான்?"

"கேட்டேன் மாமா. அன்னைக்குப் பூராவும் டீச்சர் என்கூடப் பேசவே இல்ல."

அப்புறம் டீச்சரே வந்தது. பலகையைக் கழற்று என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பி வாங்கி, ஊதி ஊதிக் குடித்து, "ருசிக்குக் குறையில்ல அண்ணே," என்றுவிட்டுப் போய்விட்டது. அதற்குமேல் அந்தப் பலகையை என்னால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை. நானே ஸ்டூல் போட்டு ஏறி, அந்த வரியை வெள்ளையடித்தேன். வியாபாரம் படுத்ததா? என் கைப்பக்குவத்துக்கா!

இப்போது டீச்சரும் இல்லை, காலமாகிவிட்டது. பச்சைப் பேனாப் பிள்ளைகளுடைய மேடமும் என் கடைக்கு வந்தது. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, அந்தக் காகிதக் கட்டில் ஒரு தாளையும் புரட்டாமல் கையெழுத்துப் போட்டது.

என் மகனுக்கு வாயெல்லாம் பல். "அப்பா, இனிமே யாரும் கேள்வி கேக்க முடியாதுப்பா!" என்றான்.

நேற்று ஃப்ளெக்ஸும் ஏற்றிவிட்டான். நான் வெள்ளையடித்த அதே இடம். 'தலைவலிக்குக் கைகண்ட மருந்து: நர்சிங் ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது.' கல்லூரி வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. பிள்ளைகள் கும்பல் கும்பலாக வந்து அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். குடிக்காதவர்களுக்கு எப்போது சரியானது என்று ஒருத்தியாவது கேட்பாளா என்று கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரோஸ் மில்க்தான் கேட்கிறார்கள்.