கரடியைப் பார்த்த பௌர்ணமி

நனைந்த கோணிச்சாக்கையும் புளித்துப்போன இலுப்பைப் பூவையும் ஒன்றாகப் பிசைந்ததுபோல ஒரு வாடை, அறுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரைப் பௌர்ணமி இரவில், பருவதமலையின் பாதிச் சரிவில் என் மூக்கில் ஏறியது. எனக்குப் பத்து வயது. அது கரடியின் வாடை என்று அப்போது தெரியாது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. அப்பா ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். அம்மா சமையல் போக மிச்ச நேரமெல்லாம் பக்கத்துத் தறிகளுக்குத் "தார்" சுற்றுவாள். பட்டு நூலைச் சின்னக் குழலில் ஏற்றித் தரும் வேலை. பிரசவத்துக்குத் தாய்வீடு போனதைத் தவிர, கல்யாணமான நாளிலிருந்து அப்பா இல்லாமல் ஓர் இரவுகூட அவள் வெளியே தங்கியதில்லை. எதிர்வீட்டு ராஜம்மா, தெலுங்குக்காரி, கணவனை இழந்தவள், பௌர்ணமிக்கு மலைக்கோயிலுக்குக் கூப்பிட்டபோது எந்தத் தைரியத்தில் சரியென்றாளோ.

"பொம்பளைங்க மட்டும் ராத்திரியில காட்டுக்குப் போறதா? அங்க இன்னா வேலை உனக்கு?" என்றார் அப்பா.

"வேலை ஒண்ணுமில்லீங்க. பாக்கணும்னு ஆசையா இருக்குது."

அப்பா அதன்பிறகு இரண்டு நாள் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார். அவருடைய கோபம் அப்படித்தான் இருக்கும். கிளம்பும்போது அம்மா "போய்ட்டு வரேன்" என்று இரண்டு தடவை சொன்னாள். செய்தித்தாள் அவர் முகத்தைவிட்டு இறங்கவில்லை.

ஆரணி வழியாகப் போளூர், அங்கிருந்து இன்னொரு பஸ். பொழுது சாயும் நேரத்தில் ஏறத் தொடங்கினோம். எலுமிச்சம்பழச் சோற்று மூட்டை அம்மா தலையில், கம்பளி ராஜம்மா தோளில், லாந்தர் என் கையில். அம்மா அடிக்கடி நின்று கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். "திரும்பிடலாமா ராஜம்மா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"இத்தினி தூரம் வந்துட்டு இன்னாம்மா நீ," என்று ராஜம்மா நடந்துகொண்டே இருந்தாள்.

ஒரு திருப்பத்தில் முள்ளம்பன்றி ஒன்று முட்கள் சலசலக்க, அவசர வேலை இருப்பதுபோல எங்கள் முன்னால் ஓடியது. அதைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பை அதுவரை நான் வீட்டில் கேட்டதில்லை. அப்புறம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள்தான் முன்னால் நடந்தாள். புதருக்குள் மான்களின் கண்கள் மின்னியதை முதலில் பார்த்ததும் அவள்தான்.

அதற்கும் மேலே போனபோதுதான் அந்த வாடை வந்தது. சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. இருபதடி தூரத்தில் பாதைக்கு நடுவே ஒரு கரடி. அதன் முதுகில் ரோமத்தைப் பற்றிக்கொண்டு ஒரு குட்டி. நான் கத்த வாயெடுத்தேன். அம்மாவின் உள்ளங்கை என் வாயைப் பொத்தியது. மறுகையால் லாந்தரை வாங்கித் திரியை இறக்கிவிட்டு, எனக்கும் ராஜம்மாவுக்கும் முன்னால் போய் நின்றாள்.

"அசையாத. புள்ளைக்காரி அது. அதுவா போவும்."

கரடி மூக்கைத் தூக்கி எங்களை மோந்தது. ஒருமுறை உறுமியது. பிறகு குட்டி நழுவிவிடாதபடி மெல்லத் திரும்பி, நிலா வெளிச்சத்தைக் கடந்து மரங்களுக்குள் போய்விட்டது.

அம்மா பாறையில் உட்கார்ந்து அழுதாள்.

"பயந்துட்டியாம்மா?" என்றேன்.

"இல்லடி. உங்கப்பாவும் பாத்திருக்கலாம்."

விடியற்காலையில் பாறையில் அடித்திருந்த கடப்பாரைப் படிகளைப் பிடித்து ஏறி உச்சிக்குப் போனோம், மேகம் காலடியில் கிடந்தது, சாமி கும்பிட்டோம். அதெல்லாம் மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. இரவு காஞ்சிபுரத்தில் இறங்கியபோது பஸ் ஸ்டாண்டில் சைக்கிளோடு அப்பா நின்றது மட்டும் தெளிவாக இருக்கிறது. மத்தியானத்திலிருந்து வந்த ஆரணி பஸ்ஸையெல்லாம் பார்த்திருக்கிறார். மூட்டையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டினார். அம்மாவின் வீங்கிய பாதங்களைப் பார்த்தார். அம்மா வழியெல்லாம் கரடியைப் பற்றியே பேசினாள்.

"எத்தினி அடி தூரத்துல?" என்று நடுவில் கேட்டார். வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது, "அடுத்த வருசம் நானும் வரேன்," என்றார்.

அடுத்த வருஷம் தம்பி பிறந்தான். அதற்கப்புறம் அம்மாவின் முழங்கால், அப்பாவின் ஆஸ்துமா. போகவே இல்லை. ஆனால் வயதான காலத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும், "நாங்க நிக்கிறோம், இருபதடியில கரடி நிக்குது," என்று அப்பா கதையைத் தொடங்குவார். அம்மா காப்பியை நீட்டிக்கொண்டே கேட்டிருப்பாள்; ஒருமுறைகூடத் திருத்தியதில்லை.

இன்று இருவரும் இல்லை. ராஜம்மாவும் இல்லை. மலைப்பாதையில் இப்போது கடைகளும் கூட்டமும். கரடியைப் பார்த்தோம் என்று யாரும் சொல்லிக் கேட்கவில்லை. என் பேத்தி கேட்கும்போது நானும் சொல்கிறேன்: அன்றைக்கு நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம்.