முன்னுக்குப் போகும் கயாக்

1. ஊர்ஸ் சொன்ன செய்தி

“சிவா, இந்தக் கோடையில கடலுக்குப் போறம்” என்று ஊர்ஸ் சொன்னபோது, நான் லுசேர்ண் ஏரிக்கரையில் ஒரு கயாக்கைக் கவிழ்த்துப்போட்டு அதன் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஊர்ஸ் எங்கள் முதலாளி. கயாக் வாடகைக்கு விடுவதும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏரியில் சுற்றுலா போவதும் எங்கள் தொழில். அவர் பேசுவது சுவிஸ் ஜேர்மன். ஆனால் இத்தனை வருடத்தில் என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன்.

போகும் இடம் டென்மார்க் கரையோரத்தில் ஆளில்லாத ஒரு மணல்தீவு. கரைக்கு முன்னால் நீளமாகக் கிடந்து, பெரிய அலையைத் தானே வாங்கிக்கொள்ளும் தீவு. எட்டு வாடிக்கையாளர்கள், கூடாரத்தில் இரண்டு இரவு. அனுமதி எல்லாம் ஊர்ஸ் எடுத்துவிட்டார். எங்கள் கடையின் முதல் கடற்பயணம் அது.

கயாக்குகள் கூட்டமாகப் போகும்போது வழிகாட்டி ஒருவர் முன்னுக்குப் போவார், இன்னொருவர் கடைசியில் வருவார். எங்கள் கடை வழக்கப்படி முன்னுக்குப் போவது மூத்தவர், பின்னுக்கு வருவது புதியவர். ஏரியில் எத்தனையோ வருடமாக நான்தான் முன்னுக்கு. கடையின் பயணப் படங்களிலும் நான்தான் முதல் ஆள். கடலிலும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டு, “முன்னுக்கு நான்தானே?” என்று கேட்டேன்.

“ஏரியில ஒரு ஒத்திகை வைப்பம். அதுக்குப் பிறகு சொல்லுறன். மதுராவும் வாறாள்தானே” என்றார்.

நான் தேய்த்த இடத்தையே திரும்பவும் தேய்த்தேன்.

2. கண்டறியாத கோர்ஸ்

மதுரா ஷாஃப்ஹவுசனில் பிறந்த எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கடையில் சேர்ந்து ஒரு கோடைகூட முடியவில்லை. கடல் கயாக் பயிற்றுநர் கோர்ஸ் முடித்தவள். கவிழ்ந்த கயாக்கை இறங்காமலே ஒரே புரட்டில் நிமிர்த்துவாள். எனக்கு அது நாலு தரத்தில் ஒருதரம் சரிவரும், மற்ற மூன்று தரமும் மூக்குக்குள் தண்ணீர்தான். கண்டறியாத கோர்ஸ் என்று மனைவி ராணியிடம் வீட்டில் புறுபுறுத்தேன்.

அவள் என்னை அண்ணை என்றாவது கூப்பிட்டிருக்கலாம். அங்கிள் என்றாள். வாடிக்கையாளர்களோடு அவள் சுவிஸ் ஜேர்மனில் பகிடி விட்டால் அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதே பகிடியை நான் விட்டால், “என்ன சொன்னனீங்கள்?” என்று மரியாதையாகத் திரும்பக் கேட்பார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். என் பயணங்களில் முதல்நாள் மதியம் ராணி பொரித்துத் தரும் றோல்ஸ் கொடுப்பது வழக்கம். அதற்காகவே திரும்பத் திரும்ப வரும் ஆட்கள் உண்டு. ஒருநாள் மதுரா தன் அம்மா செய்த றோல்ஸைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவளுடைய பெட்டி முதலில் காலியானது. என் பெட்டியில் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோனால் ராணி கேள்வி கேட்பாள் என்று, ரயிலில் இருந்தபடியே ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தேன்.

3. ஒத்திகை

வேலையை ஊர்ஸ் பிரித்துத் தந்தார். பாதை, காற்று, கடலோட்டம் மதுராவுக்கு. சாப்பாடு, கூடாரம், சாமான் ஏற்றுவது எனக்கு. சாமான் ஏற்றுவதில் என்னை அடிக்க ஆளில்லை, சும்மா சொல்லக்கூடாது. கயாக்கின் முன்னும் பின்னும் மூடி போட்ட சிறு அறைகள் உண்டு, லூக்கே என்போம். பாரமானது நடுவுக்குக் கிட்ட, இலேசானது நுனிக்கு. இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் கயாக் ஒருபக்கம் சரிந்தே ஓடும்.

ஒத்திகை நாளில் பத்துக் கயாக்கையும் வரிசையாக வைத்து ஏற்றினேன். கூடாரம், அடுப்பு, அரிசி, பருப்பு, பெரிய சட்டி, மடிக்கிற கதிரைகள்கூட. ஒரு மூடிகூடப் பிதுங்கவில்லை. வாடிக்கையாளர்கள் கை தட்டினார்கள். ‘இப்ப பாரடி பிள்ளை’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மதுரா என்னை ட்ரெய்லருக்குப் பின்னால் கூப்பிட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

“அங்கிள், தண்ணி எதுக்குள்ள?”

“என்ன தண்ணி?”

“குடிக்கிற தண்ணி.”

“அங்க போய்ப் பிடிக்கிறதுதானே.”

“அங்கிள், அது மணல்தீவு. அங்க பைப் ஒண்டும் இல்ல.”

இந்த நாட்டில் எந்தக் கரையில் ஒதுங்கினாலும் நாலடி நடந்தால் ஒரு புறுனன் இருக்கும், கல்தொட்டிக்குள் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆளுக்கொரு போத்தலுக்கு மேல் தண்ணீர் கட்டிய பழக்கமே எங்கள் கடையில் இல்லை. ஆனால் நான் யார்? யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், உப்புக் கிணற்றுக்குப் பக்கத்தில் பிறந்தவன். குடிக்கிற தண்ணீர் வள்ளத்தில் வந்தால்தான் எங்களுக்கு உலை. அந்த நான் மறந்துபோனேன், ரைன் அருவி இரையும் ஷாஃப்ஹவுசனில் பிறந்தவள் நினைத்துக் கேட்கிறாள். தவறு விட்டதைவிட, அதை இவள் கண்டுபிடித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லாவற்றையும் இறக்கினோம். கதிரைகள் போயின, பெரிய சட்டி போனது, றோல்ஸ் பெட்டிக்கும் இடமில்லை. ஆளுக்குப் பன்னிரண்டு லீற்றர் கணக்கில் தண்ணீர்ப் பைகளை நடுவில் வைத்து, மற்றதை அதைச் சுற்றி அடுக்கினேன். அந்த நேரம் பார்த்து ஊர்ஸ் வந்தார்.

“ஏன் கழட்டுறீங்கள்?”

நான் வாய் திறக்குமுன் மதுரா சொன்னாள்: “தண்ணியோட எப்பிடி மிதக்குதெண்டு பாக்கிறம்.”

பாக்கிறம் என்று என்னையும் சேர்த்தே சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக அவளை வெறுத்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

மாலை ஊர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் இருத்திவைத்து, “ஆர் முன்னுக்கு?” என்று கேட்டார்.

“அங்கிள் முன்னுக்குப் போகட்டும். நான் பின்னுக்கு வாறன்” என்றாள் மதுரா.

ஊர்ஸ் அவளைப் பார்த்துச் சரியென்று தலையாட்டினார். நான் வெளியே வந்ததும் ராணிக்குப் போன் அடித்தேன். “நான்தான் முன்னுக்கு!”

“என்னப்பா, பிள்ளை விட்டுத் தந்திட்டாளோ?” என்றாள் ராணி. இவளுக்கு யார் சொன்னது என்று தெரியாமல் போனை வைத்துவிட்டேன்.

4. தீவு

கரையிலிருந்து தீவுக்கு முக்கால்வாசி தூரம் போனபின் காற்று பக்கவாட்டில் எழும்பியது. நான் முன்னுக்கு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பின்னால் விசில் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கடைசிக்கு முந்திய கயாக் கவிழ்ந்து கிடந்தது. ஓல்டனிலிருந்து வந்த எரிக்கா, அறுபது வயதுப் பெண், தண்ணீருக்குள். நான் மற்ற ஏழு பேரையும் கிட்டக்கிட்ட நிறுத்தி, கயாக்குகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அது என் வேலை, சரியாகத்தான் செய்தேன். அதற்குள் மதுரா எரிக்காவைத் திரும்ப ஏற்றி, தண்ணீரை இறைத்து, தன் கயாக்கில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பயந்துபோன எரிக்காவோடு பகிடியும் விட்டுக்கொண்டு வந்தாள்.

தீவில் கூடாரங்கள் அடித்தபின் மதுரா தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“பிள்ளை, நீ ஏன் பின்னுக்கு நிண்டனீ?”

“கடலில பலமான ஆள்தான் பின்னுக்கு நிக்கோணும் எண்டு கோர்சில சொல்லித் தந்தவை, அங்கிள். ஆரும் கவிழ்ந்தா பின்னுக்கு நிக்கிறவர்தானே தூக்கோணும். உங்களுக்குத் தெரியும்தானே?”

“ஓம், தெரியும்” என்றேன். தேத்தண்ணி நாக்கைச் சுட்டது.

அவள் குத்திப் பேசவில்லை. குத்திப் பேசியிருந்தால் நல்ல பதில் என்னிடம் இருந்தது.

5. கடைசியாக

இந்த வருடம் ஓய்வுபெற்றேன். கடையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எதையாவது எழுதித் தரச் சொன்னதால் இதை எழுதுகிறேன். கடல் தீவுக்குப் போவதென்றால் தண்ணீரை முதலில் ஏற்றுங்கள், அரிசியைப் பிறகு பார்க்கலாம். ஓர் இடத்துக்கு ஆசைப்படுமுன், அந்த இடத்தில் நிற்பவர் என்ன செய்யவேண்டும் என்று கேட்டு அறியுங்கள். நான் கேட்கவில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அந்தத் தீவுப் பயணம் முடிந்து அடுத்த கோடை வருமுன், நான் குளிர்காலம் முழுக்க நீச்சல் தடாகத்துக்குப் போய்ப் புரட்டிப் புரட்டிப் பழகினேன். நாலுக்கு மூன்று சரிவந்தது. ஊர்ஸிடம் போய், “இந்தமுறை நான் பின்னுக்கு வாறன்” என்றேன்.

ஊர்ஸ் என் தோளில் கை போட்டார். “வேண்டாம் சிவா. நீ முன்னுக்கே போ. உனக்கு ஏதும் நடந்தாலும் பின்னுக்கு மதுரா நிக்கிறாள்தானே.”