மாமியார் குளவியும் கணவர் குளவியும்

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் எல்லோரும் அவளைக் குளவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எறும்பைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளை முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டி, அட்டையை ஊசியில் குத்தி, எது எந்த இனம் என்று வகை பிரிப்பது அவள் வேலை. பேச்சிலும் கொஞ்சம் கொட்டுவாள், அது வேறு விஷயம்.

அன்று காலை நுண்ணோக்கியில் கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஐயையோ!" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அடுத்த மேசையில் வண்டுகளைப் பார்க்கிறவர் பதறி ஓடி வந்தார்.

"என்னக்கா, கொட்டிடுச்சா?"

"கொட்டியிருந்தாக்கூடத் தேவலையே! நீங்களே பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். குழாய்க்குள் ஒரு பெண் குளவியும் ஒரு ஆண் குளவியும் இணை சேர்ந்திருந்தன. பூச்சி உலகத்தில் இது அன்றாடம் நடப்பதுதான். ஆனால் அந்தப் பெண் குளவியின் இனத்துக்கு அவள் வைத்திருந்தது மாமியாரின் பெயர். ஆண் குளவிக்கு வைத்திருந்தது கணவரின் பெயர்.

வண்டுக்காரர் நிமிர்ந்தார். "நான் எதையும் பார்க்கலக்கா," என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்கே போய்விட்டார்.

பெயர் வைத்த கதை இதுதான். அவள் காடு காடாகப் பூச்சி பிடித்து அலைந்த காலத்தில் வீட்டைத் தாங்கியவர் மாமியார். ஒருநாள் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஊர் பேர் தெரியாத பூச்சிக்கெல்லாம் பேரு வைக்கிறியே, உனக்கு வடிச்சுக் கொட்டறவ பேரு ஞாபகம் வராதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்துக் கிடைத்த புது இனத்துக்கு மாமியார் பெயரில் லத்தீன் வால் ஒட்டி ஆய்விதழில் அச்சேற்றிவிட்டாள். சிறகில்லாத பெண் குளவி அது. தட்டைத் தலை, வளைந்த உணர்கொம்பு, பின்னால் கொடுக்கு. மரத்துக்குள் இருக்கும் வண்டுப் புழுவைத் தேடிப் போய்க் கொட்டி மயக்கி, அதன் மேலேயே முட்டையிடும். குஞ்சுப் புழுக்கள் அதை உயிரோடு தின்று வளரும். இந்த விவரத்தை மட்டும் மாமியாரிடம் சொல்லவில்லை.

கணவருக்கு முகம் சுண்டிப் போனது. அவர் பித்தளையில் பெயர்ப்பலகை வெட்டுகிறவர். அவர் பெயர் மட்டும் எந்தக் கதவிலும் இல்லை. சில வருடம் கழித்துச் சிறகுள்ள ஒரு ஆண் குளவி கிடைத்தபோது அதற்கு அவர் பெயரை வைத்தாள். மனிதர் அன்றிரவே அதைப் பித்தளையில் வெட்டி வாசலில் மாட்டிவிட்டார். பால்காரர் முதல் யார் வந்தாலும், "நான் போனாலும் இந்தப் பேர் போகாது," என்று சொல்லிக் காட்டுவார்.

தவறு நடந்த இடம் சிறகு. இந்தக் கூட்டத்தில் ஆண்களைச் சிறகு நரம்பின் அமைப்பை வைத்துப் பிரிப்பார்கள். பெண்ணுக்குச் சிறகே இல்லாததால் தலையையும் தாடைப் பல்லையும் வைத்துப் பிரிப்பார்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி. எந்தப் பெண்ணுக்கு எந்த ஆண் ஜோடி என்பது, இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் தெரியும். இப்போது பிடித்தாகிவிட்டது. அதுவும் எதிலிருந்து? வண்டு அரித்து மாவு கொட்டுகிறது என்று மாமியார் தூக்கிப் போடச் சொன்ன முக்காலியின் காலிலிருந்து.

ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் என்று தெரிந்தால், முதலில் அச்சேறியதுதான் நிற்கும். கணவர் பெயர் போய்விடும். குழாயைக் கழுவி ஊற்றிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? அவள் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டி வரைக்கும் போனாள். ஆனால் ஒரு பூச்சி தப்பான பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. பாவம் அந்த மனுஷன் என்று கண் கலங்கத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் போட்டு உடைத்தாள்.

"என்னங்க, உங்க குளவியும் அத்தை குளவியும் வேற வேற இல்லையாம். ஒரே இனம். அத்தை பேருதான் முதல்ல வந்தது, அதான் நிக்கும்."

கணவர் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. "அப்ப என் பேரு?"

"அழிக்க மாட்டாங்க. அத்தை பேருக்குக் கீழ, சமக்குறி போட்டு, சின்ன எழுத்துல வரும்."

"ஊர்ல உள்ளவங்க பேரெல்லாம் வெட்டிக் கொடுத்தேன். என் பேரு ஒரு பூச்சிகிட்டகூடத் தங்கலையே," என்றார் அவர். கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

மாமியாருக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. "எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

அவள் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். "ரெண்டும் உங்க முக்காலிக் காலுலேருந்து வந்தது, அத்தை. ஒரே குழாய்ல இருந்துச்சு. முக ஜாடை ஒண்ணா இருந்துச்சு."

"இருக்காதா பின்னே? பெத்தவ நானாச்சே!"

அவளுக்குப் புரையேறியது.

மறுநாளே கணவர் வாசல் பலகையைக் கழற்றிவிட்டார். மூன்றாம் நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் புதுப் பலகை பளபளத்தது. மேலே பெரிய எழுத்தில் மாமியார் குளவியின் பெயர். கீழே சமக்குறி போட்டு, சின்ன எழுத்தில் கணவருடையது.

"எப்படியோ, பேரு வாசல்ல நிக்குதுல்ல," என்றார் கணவர், துணியால் துடைத்துக்கொண்டே. முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "ஏண்டா, மேல ஒரு பொண்ணு பேரு, கீழ ஒரு ஆம்பளை பேரு. கல்யாணப் பத்திரிகை மாதிரில்ல இருக்கு!"

குளவியக்காவின் கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏய், அந்தக் குழாய்க்குள்ள ரெண்டும் என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

அவள் கைப்பையை எடுக்கிற சாக்கில் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"அடக் கண்றாவியே!" என்று கத்தினார் கணவர். "ஸ்க்ரூடிரைவர் எங்க? எடு சீக்கிரம்!"

"நல்லாத்தானேடா இருக்கு, ஏன் கழட்டற?" என்று மாமியார் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.